பாவும் ஊடையும்

நூற்பகுதி ஒன்றன் சொற்களுக்கெல்லாம் பொருள் அறிந்தும் அதன் கருத்தை அறியாது போதல் கூடும். நன்னூலார் உரையின் உறுப்புகள் 14 எனக் கூறுமிடத்து, பாடத்தை அடுத்துக் கருத்தினை வைத்து, சொற்பொருளை அதன் பின்னரே வைத்தமை நோக்கத்தக்கது. கிறித்தவப் பிரசங்க வரலாற்றிலும் கருத்தறியும் இச்சிக்கல் பெரியோர் பலரை வருத்தியுள்ளது.

லூக்கா நற்செய்தி 10ஆம் அதிகாரத்தில் நல்ல சமாரியன் கதை வருகின்றது. புனித அகுஸ்தீனார் அதற்கு உரை கண்டபோது, கள்வர் கையில் அகப்பட்டவன் ஆதாம், எரிகோ நகர் நிலவு, சத்திரம் திருச்சபை, சத்திரக்காரர் பவுல் அடிகள் என்று கொண்டார். நயம் மிக்க உரைதான்; மறுப்பதற்கில்லை. ஆயினும், தனக்கு அயலான் யார் என்று இயேசுவிடம் கேட்ட நியாயசாஸ்திரிக்கு இதில் விடை எங்கே? அடிபட்டுக் கிடந்தவனுக்கு அயலானாய் நின்றவன் எவன் என்று அவனையே திருப்பிக் கேட்பதன்றோ அக்கதையின் உயிர்! 16ஆம் நூற்றாண்டில் கால்வின் இத்தகைய உருவக உரையை வெளிப்படையாகவே மறுத்தார்.

கால்வின் மரபில் வந்த பிரெஞ்சுப் போதகர் ழான் குளோது. 1685இல் பதினான்காம் லூயி மன்னன் புரோட்டஸ்டண்டு மக்களின் உரிமைகளைப் பறித்தபோது, அவர் நாடு கடத்தப்பட்டு ஆலந்து சென்று, 1687இல் அங்கேயே மறைந்தார். பிரசங்கம் அமைக்கும் முறை குறித்து அவர் எழுதிவைத்த நூல், ஏறத்தாழ நூறாண்டு கழித்துக் கேம்பிரிட்ஜ் நகரத்துச் சார்லஸ் சீமியோன் கையை எட்டியது. தாம் பட்டறிவால் கண்ட நெறியே அதிலும் இருக்கக் கண்ட அவர், 1796இல் அதனைத் தம்முடைய பிரசங்கச் சட்டகங்களோடு சேர்த்து அச்சிட்டார். அச்சட்டகங்களுக்கு எலும்புக்கூடுகள் என்றே பெயரிட்டார். பெயர் பொருத்தமானதே, படிப்போர்க்கு அவை சற்று உலர்ந்துதான் தோன்றும்.

சீமியோன் 1782இல் திரித்துவ ஆலயப் பொறுப்பேற்றபோது சபையார் அவரை விரும்பவில்லை. தத்தம் இருக்கைகளைப் பூட்டிச் சென்றனர். அவர் தம் செலவில் இட்ட விசுப்பலகைகளும் வெளியே எறியப்பட்டன. கேட்க வந்தோர் பல்லாண்டுகள் நின்றுகொண்டே கேட்டனர்.

அவர் வகுத்த விதி எளியது. எடுத்துக்கொண்ட பகுதியை ஒரே வாக்கியத்தில் அடக்குக. அதனைப் பாவாக விரித்து, அப்பகுதியின் சொற்களையே ஊடையாக ஓட்டி நெய்க. தறியை அறிந்த நமக்கு இவ்வுவமையை விளக்க வேண்டுவதில்லை. வெளிநூல் கொண்டு நெய்தல் ஆகாது என்பதில் அவர் உறுதியாயிருந்தார். முன்குறிப்புக் கொள்கையினரும் தன்விருப்பக் கொள்கையினரும் வேதவாக்கியங்களைத் தத்தம் பக்கம் வளைத்த காலம் அது. சீமியோனோ, ஒரு பகுதி ஒரு கட்சிக்குச் சார்பாய் நின்றால் அவ்வாறே உரைத்தார். மறுவாரம் வேறொரு பகுதி மறுகட்சிக்குச் சார்பாயின் அதனையும் மழுப்பாது உரைத்தார். இருசாராரும் ஐயுற்றனர். 1836இல் மறையும்வரை, 54 ஆண்டுகள், அவர் அவ்வாலயத்தை விட்டு நீங்கவில்லை. அவர் சட்டகங்கள் 21 தொகுதிகளாய் விரிந்தன.

அவரிடம் உதவிக் குருவாயிருந்த என்றி மார்ட்டின் 1806இல் கல்கத்தா வந்து சேர்ந்தார். பின்னர்க் கான்பூரில், ஞாயிறுதோறும் தம் மனை முன்றிலில் திரண்ட இரவலர்க்கு இந்துஸ்தானியில் பத்துக் கட்டளைகளை விளக்கினார். அயலே இருந்து செவிமடுத்த ஷேக் சாலே என்னும் இசுலாமியர், 1811இல் கல்கத்தாவில் திருமுழுக்குப் பெற்று அப்துல் மசீ ஆனார். 1825இல் பேராயர் ஈபர் அவருக்குக் குருப்பட்டம் அளித்தார்.