கால் தடுமாறிய மருந்தாளர்

விடுதி அறையில் அகதா கிறிஸ்டியைப் படித்த நாட்களில், கொலையாளி யார் என்பது மட்டுமே எனக்கு முக்கியமாக இருந்தது. அந்தப் பக்கங்களில் ஒரு பெண்ணின் வேலை அனுபவமும் பதிந்திருக்கிறது என்பதைப் பின்னாளில் அவரது சுயசரிதையைப் படித்தபோதுதான் உணர்ந்தேன்.

1914இல் போர் தொடங்கியதும் கிறிஸ்டி, சொந்த ஊரான டார்கீயில் தன்னார்வச் செவிலியாகச் சேர்ந்தார். பிறகு மருத்துவமனையின் மருந்தகத்துக்கு மாறி, மருந்தாளர் தேர்விலும் தேறினார். போர்க்காலத்தில் அவர் உழைத்தது சுமார் 3,400 மணிநேரம்; அதில் பெரும்பகுதிக்கு ஊதியம் கிடையாது.

மருந்தகத்தில் வேலை குறைந்த பொழுதுகளில்தான் ஒரு துப்பறியும் கதை எழுதலாம் என்று தோன்றியது. சுற்றிலும் அலமாரி நிறைய நஞ்சு. ஆகவே கதையிலும் நஞ்சு. 1920இல் வெளிவந்த ‘தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்’ நாவலில், ஸ்ட்ரிக்னின் உள்ள டானிக்கில் புரோமைடு தூள் சேர்கிறது. ஸ்ட்ரிக்னின் பிரிந்து புட்டியின் அடியில் படிகிறது. கடைசி வேளை மருந்து உயிரைக் குடிக்கிறது. மருந்தாளர்களுக்கான இதழே அந்த நுட்பத்தைப் பாராட்டியது.

சுயசரிதையில் என்னை உலுக்கியது வேறொரு சம்பவம். பயிற்சி தந்த மருந்தாளர் ஒருமுறை தசமப் புள்ளியை இடம் மாற்றிப் போட்டு, பத்து மடங்கு வீரியத்தில் மருந்து தயாரித்துவிட்டார். கிறிஸ்டிக்குத் தவறு தெரிந்தது. ஆனால், அனுபவசாலியான ஆணிடம் பயிற்சிப் பெண் எப்படிச் சொல்வது? கால் தடுமாறியதுபோல் நடித்து, மருந்துப் பலகையைத் தட்டிவிட்டு, விழுந்தவற்றை மிதித்து நசுக்கினார். மன்னிப்புக் கேட்டார். முகம் தெரியாத நோயாளிகள் தப்பினார்கள்.

அறிவு இருந்தது, அதைச் சொல்லும் அதிகாரம் இல்லை. யாரும் பொருட்படுத்தாத மூதாட்டி மிஸ் மார்ப்பிள் எல்லாவற்றையும் கவனிப்பதை, இந்தச் சம்பவத்தோடு சேர்த்தே இப்போது வாசிக்கிறேன்.

அதே மருந்தாளர் சட்டைப்பையில் குராரே நஞ்சை வைத்திருந்தார். அது தனக்கு வலிமை தருவதாகச் சொன்னார். பல ஆண்டுகள் கழித்து, அவரது நினைவிலிருந்து 1961இல் ‘தி பேல் ஹார்ஸ்’ பிறந்தது. அதில் நஞ்சு தாலியம்.

கிறிஸ்டி இறந்த மறு ஆண்டு, 1977இல், லண்டன் மருத்துவமனை ஒன்றில் காரணம் புரியாத நோயோடு ஒரு குழந்தை கிடந்தது. அந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்த செவிலி, இது தாலியமாக இருக்கலாம் என்றார். மருத்துவர்கள் கேட்டார்கள், சோதித்தார்கள், குழந்தை பிழைத்தது. அந்தச் செவிலி கால் தடுமாற வேண்டியிருக்கவில்லை.