அரைமண்டியிலிருந்து தொடங்கியவர்

நடனக் கலைஞர் சந்திரலேகாவைப் பரதநாட்டிய மரபை உடைத்தவர் என்று புகழ்வோரும் உண்டு, அதே காரணத்துக்காகத் திட்டுவோரும் உண்டு. இரு தரப்பும் ஒன்றில் ஒத்துப்போகின்றன: உடைப்பதற்கென்று இங்கே மாறாத ஒரு மரபு இருந்தது என்பதில். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் மார்க்கம் என்ற வரிசையே 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் தஞ்சை அரண்மனையில் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நான்கு சகோதரர்கள் ஒழுங்குபடுத்தியது. 1930களில் சதிர் என்ற பெயர் போய்ப் பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற ருக்மிணி தேவி 1935இல் அடையாறில் மேடையேறினார்; அடுத்த ஆண்டே கலாக்ஷேத்ரா பிறந்தது. உடை, மேடை அமைப்பு, சிருங்காரப் பதங்களுக்கு இருந்த இடம் எல்லாம் மாறின. அந்த மாற்றத்தை, பரம்பரைக் கலைஞர் குடும்பத்தில் வந்த பாலசரஸ்வதி ஏற்கவில்லை. 1947இல் வந்த தேவதாசி ஒழிப்புச் சட்டம் கோயிலுக்கும் ஆடுபவருக்கும் இருந்த பழைய உறவை முடித்துவைத்தது. ஆக, சந்திரலேகா ஆடக் கற்றுக்கொண்டபோது அவர் கையில் கிடைத்தது அப்போதுதான் திருத்தி எழுதப்பட்ட ஒரு கலை.

1928இல் மகாராஷ்டிரத்தில் பிறந்து, நடனத்துக்காகவே சென்னை வந்து, பாலசரஸ்வதிக்கும் நட்டுவாங்கம் செய்த காஞ்சிபுரம் எல்லப்பா பிள்ளையிடம் பயின்றவர் அவர். 1952இல் நடந்த அரங்கேற்றம் ராயலசீமா வறட்சி நிவாரண நிதிக்கானது. யமுனையில் நீர் தளும்பும் காட்சிக்கு அபிநயம் பிடித்துக்கொண்டிருக்கையில், தண்ணீரில்லாத ஊர்களின் நினைவு குறுக்கிட்டதைப் பின்னாளில் அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். இதை நடனத்தில் அரசியல் பேசும் ஆசையாக மட்டும் எடுத்துக்கொண்டால் விஷயம் கைநழுவிவிடும். கை ஒன்றைச் சொல்கிறது, ஆடும் உடம்பு எந்தக் காலத்தில் நிற்கிறதோ அந்தக் காலம் வேறொன்றைச் சொல்கிறது. இவ்விரண்டும் எங்கே சேரும் என்பதுதான் அவருடைய கேள்வி. விடை கிடைக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இடையில், 1972இன் ‘நவக்கிரகா’வுக்குப் பிறகு, மேடையை விட்டே விலகி எழுத்து, சுவரொட்டி வடிவமைப்பு, பெண்கள் இயக்கம் என்று இருந்தார்.

1984இல் பம்பாயில் நடந்த கிழக்கு-மேற்கு நடனச் சந்திப்பு அவரை மேடைக்குத் திருப்பி அழைத்தது. 1985இல் ‘அங்கிகா’ வந்தது. அவர் செய்த முதல் வேலை நீக்கல்தான். நகை, ஒப்பனை, நாயகனுக்காகக் காத்திருக்கும் நாயகி, கதை எல்லாம் போயின. எஞ்சியவை அரைமண்டியும் அடவும். அவற்றுடன் கேரளத் தற்காப்புக் கலையான களரியின் தாழ்ந்த நிலைகளையும் யோகத்தின் மூச்சையும் சேர்த்தார். முழங்கால்கள் பக்கவாட்டில் விரிய, முதுகு நேராக, எடை கீழே இறங்கும் அரைமண்டியில் ஆடுபவரின் உடம்பு பூமியை நோக்கிக் குவிகிறது. வழக்கமான கச்சேரியில் வேகமான அடவுகளோடு கடந்துபோகும் அந்த நிலையை அவர் பார்வையாளர் பொறுமை இழக்கும் அளவுக்கு நீட்டி நிறுத்தினார். ‘லீலாவதி’யில் (1989) பாஸ்கராசாரியரின் 12ஆம் நூற்றாண்டுக் கணக்குகள் நிருத்தத்துக்குப் பொருளாயின. ‘ஸ்ரீ’யில் (1991) கூன் விழுந்த முதுகோடு பெண்கள் மெல்ல மேடையைக் கடக்கிறார்கள். அடிமைப்பட்ட வாழ்வைச் சொல்ல அங்கே முகபாவம் தேவைப்படவில்லை; முதுகெலும்பே போதுமாக இருந்தது. நீக்கியதால் அபிநயம் குறைந்துவிடவில்லை, முகத்திலிருந்து உடம்பு முழுமைக்கும் பரவியது என்றே இதைப் படிக்கத் தோன்றுகிறது.

இதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. பாவத்தை எடுத்துவிட்டால் பரதநாட்டியத்தில் என்ன மிஞ்சும் என்பது முதலாவது. தம் படைப்புகளைப் பரதநாட்டியக் கச்சேரி என்று அவர் முன்வைக்கவில்லை என்பது எளிய பதில். ஆனால் அது தப்பித்தல். பாலசரஸ்வதியின் ஒரு பதத்தில் ஒரே வரி பல பொருளாக விரியும் நுட்பத்துக்கு ‘அங்கிகா’வில் ஈடு கிடையாது, அந்த இழப்பு உண்மைதான். இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது. களரி, யோகம் என்று அவர் காட்டிய தொன்மையே சந்தேகத்துக்குரியது. களரிப்பயிற்று 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் தலச்சேரிப் பகுதியில் மீட்டெடுக்கப்பட்டது. இன்று நாம் அறிந்த ஆசனப் பயிற்சிக்கு 1930களின் மைசூரில் யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் பெருமளவு உருக்கொடுத்தார். பழைய இந்திய உடம்பு என்று சந்திரலேகா பேசியதில் பாதி, பரதநாட்டியத்தைப் போலவே அண்மைக்காலத்தில் வார்க்கப்பட்டது. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதனால் அடிபடுவது அவருடைய பேச்சுதான். மேடையில் அந்த உடம்பு செய்துகாட்டியது தொன்மையை நம்பி நிற்கவில்லை. மூன்றாவது, இக்கலையைப் பரம்பரையாகக் காத்த இசை வேளாளரிடம் கற்ற கலையை விமர்சித்துப் புதுக்கியும் மேடை அந்தச் சமூகத்துக்குத் திரும்பவில்லை என்பது. இதற்கு அவர் படைப்பில் பதில் இல்லை. ருக்மிணி தேவியின் சீர்திருத்தம் விட்டுப்போன அந்தக் கணக்கு இங்கும் தீராமலே நிற்கிறது.

இத்தனையும் கழித்த பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. தஞ்சைச் சகோதரர்கள் வரிசையை அமைத்தார்கள், ருக்மிணி தேவி மேடையின் மரியாதையை மாற்றினார். இரண்டிலும் ஆடும் பெண் யாரையோ நோக்கியே ஆடினாள். அந்த நோக்கின் திசையை மாற்றியது சந்திரலேகா. கடைசிப் படைப்பான ‘ஷரீரா’வில் (2001), குந்தேச்சா சகோதரர்களின் துருபத் இசையின் மந்த கதியில், ஓர் ஆணும் பெண்ணும் அசைகிறார்கள், பெண் எவருக்கும் எதையும் விண்ணப்பிப்பதில்லை. 2006 டிசம்பரில் அவர் மறைந்த பிறகு அவருடைய பாணி என்று ஒரு பள்ளி உருவாகவில்லை. 1990களில் அவர் குழுவில் ஆடிய பத்மினி செட்டூர் முதலியோர் தங்கள் வழியைத் தாங்களே தேடிக்கொண்டார்கள். இதைத் தோல்வி என்பவர்கள், பாணியைப் பிரதியெடுப்பதே மரபு என்று எண்ணுகிறார்கள். தஞ்சையிலும் அடையாறிலும் நடந்தது பிரதியெடுப்பல்ல. கையிலிருக்கும் அடவை வைத்துக்கொண்டு எது வேண்டும், எது வேண்டாம் என்று ஒவ்வொரு தலைமுறையும் எடுத்த முடிவு. அந்தத் தொழிலின் நேர் வாரிசாகச் சந்திரலேகாவைப் பார்ப்பதே பொருந்தும்.