பள்ளி விடுமுறை முதல் பெருநாள் வரை: கைப்பேசி நாள்காட்டியில் மொத்தமாகச் சேர்ப்பது எப்படி?

பள்ளி விடுமுறை, பொது விடுமுறை, கோயில் திருவிழா என ஓராண்டுக்கான தேதிகளைக் கைப்பேசியில் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. எல்லாவற்றையும் கொண்ட ஒரே கோப்பை இணையத்திலிருந்து எடுத்து நாள்காட்டியில் சேர்த்துவிடலாம். கூகுள் கணக்கே இல்லாமல், லினியேஜ் ஓஎஸ் போன்ற திறந்தமூல இயங்குதளத்தில் ஓடும் கைப்பேசியிலும் இது முடியும். அதற்கு இரண்டு வழிகள் உள்ளன. எந்தத் தேதிக்கு எந்த வழி பொருந்தும் என்று தெரியாவிட்டால், பழைய தேதியை நம்பி ஒரு நாள் சம்பளத்தை இழக்க நேரிடலாம்.

ஐசிஎஸ் கோப்பு என்பது என்ன?

நாள்காட்டிக் கோப்பின் பெயர் ‘ஐசிஎஸ்’ என்று முடியும். அது வெறும் எழுத்துக் கோப்புதான். ஒவ்வொரு நிகழ்வுக்கும் தலைப்பு, தொடங்கும் நேரம், முடியும் நேரம், தனி அடையாளக் குறியீடு ஆகியவை அதில் இருக்கும். 1998இல் வெளியாகி 2009இல் திருத்தப்பட்ட இந்தத் தரம் எந்த ஒரு நிறுவனத்தின் தனிச்சொத்தும் அல்ல. ஆகவே கூகுள், ஆப்பிள், திறந்தமூலச் செயலி அனைத்தும் ஒரே கோப்பைப் படிக்கும்.

வழி 1: கோப்பை இறக்குமதி செய்தல்

எஃப்-டிராய்டு செயலிக் களஞ்சியத்தில் ‘ஃபாசிஃபை காலண்டர்’ இலவசமாகக் கிடைக்கிறது.

1. ஐசிஎஸ் கோப்பைக் கைப்பேசியில் பதிவிறக்கம் செய்யுங்கள். கூகுள் நாள்காட்டியிலிருந்து ஏற்றுமதி செய்தால் ‘ஜிப்’ கோப்பாக வரும். முதலில் அதைப் பிரித்து, உள்ளே இருக்கும் ஐசிஎஸ் கோப்பை எடுக்க வேண்டும்.
2. செயலியின் அமைப்புகளில் ‘பள்ளி’, ‘கோயில்’ என்று தனித்தனி வகைகளை நிறத்தோடு உருவாக்குங்கள். பின்னர் நீக்க வேண்டி வந்தால் அந்த வகையை மட்டும் நீக்கலாம்.
3. அமைப்புகளிலேயே இறக்குமதி என்பதைத் தட்டி, கோப்பையும் வகையையும் தேர்ந்தெடுங்கள்.

இதற்குப் பிறகு இணையமே தேவையில்லை. லைன் சரியாகக் கிடைக்காத தோட்டப்புறங்களுக்கு இது ஏற்றது. ஆனால் இது ஒரு நகல் மட்டுமே. வெளியிட்டவர் பிறகு தேதியை மாற்றினாலும் உங்கள் நாள்காட்டி மாறாது.

வழி 2: முகவரியைத் தொடர்தல்

‘ஐசிஎஸ்எக்ஸ்5’ என்ற திறந்தமூலச் செயலியில், கோப்புக்குப் பதிலாக அதன் இணைய முகவரியை ஒட்ட வேண்டும். செயலி குறிப்பிட்ட இடைவெளியில் அந்த முகவரிக்குச் சென்று புதிய விவரங்களை எடுத்து வரும். நாளுக்கு ஒரு முறை போதும். அந்தத் தேதிகளை ‘எட்டார்’ போன்ற நாள்காட்டிச் செயலியில் பார்க்கலாம். இது ஒருவழிப் பாதை. நீங்கள் கைப்பேசியில் எதையும் திருத்தி அனுப்ப முடியாது.

எதற்கு எந்த வழி?

மாறாத தேதிகளுக்கு முதல் வழி போதும். மாறக்கூடிய தேதிகளுக்கு இரண்டாவது வழியே நல்லது. 2022இல் நோன்புப் பெருநாள் மே 3ஆம் தேதி வரும் என்று எதிர்பார்க்கப்பட்டது. பிறை தென்பட்டதால் மலேசியாவில் மே 2ஆம் தேதியே கொண்டாடப்பட்டது. சிங்கப்பூரில் மே 3ஆம் தேதிதான். ஆண்டுத் தொடக்கத்தில் கோப்பை இறக்குமதி செய்து அப்படியே விட்டவர்களுக்கு இத்தகைய மாற்றம் தெரியவராது.

சேர்த்த பின் சரிபார்க்க வேண்டியவை

மாநிலம்: தைப்பூசத்திற்குச் சிலாங்கூர், பேராக், பினாங்கு, ஜொகூரில் பொது விடுமுறை உண்டு, சபா, சரவாக்கில் இல்லை. தீபாவளிக்குச் சரவாக்கில் பொது விடுமுறை இல்லை. கெடா, கிளந்தான், திரெங்கானுவில் வார விடுமுறை வெள்ளி, சனி. ஜொகூர் 2025 முதல் சனி, ஞாயிறுக்குத் திரும்பிவிட்டது. அதற்கு முந்திய ஜொகூர் கோப்புகள் இனி உதவா.

மணி: மலேசியாவும் சிங்கப்பூரும் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முந்தியவை. இந்திய நேரக் குறிப்போடு வரும் பஞ்சாங்கக் கோப்பில் திங்கட்கிழமை ராகு காலம் 7.30 முதல் 9 வரை என்றிருந்தால், உங்கள் கைப்பேசி அதைக் காலை 10 முதல் 11.30 வரை என்று காட்டும். திதி, நட்சத்திரம் மாறும் கணம் எங்கும் ஒன்றே. எனவே அவற்றுக்கு இந்த மாற்றம் சரி. ராகு காலம் அந்தந்த ஊரின் சூரிய உதயத்தைப் பொறுத்தது. அதற்கு உள்ளூர்ப் பஞ்சாங்கமே வேண்டும்.

இரட்டிப்பு: திருத்திய கோப்பில் அடையாளக் குறியீடுகள் மாறியிருந்தால் ஒரே நிகழ்வு இரண்டு முறை தோன்றும். பழைய வகையை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்ப்பதே எளிது. நீக்கும் முன், நீங்களாக எழுதியவற்றை ஏற்றுமதி செய்து பாதுகாத்துக்கொள்ளுங்கள்.

கவனம் தேவை

கூகுள் நாள்காட்டி தரும் ரகசிய முகவரியைப் புலனக் குழுக்களில் பகிர வேண்டாம். அதை வைத்திருக்கும் எவரும் உங்கள் நிகழ்வுகளைப் படிக்க முடியும். அறிமுகமில்லாதவர் அனுப்பிய நாள்காட்டியில் பரிசு, கடன் என்று ஏதேனும் இணைப்பு இருந்தால் அதைத் தட்டாதீர்கள். அந்த நாள்காட்டியையே நீக்கிவிடுங்கள்.

கோப்பைச் சேர்த்ததும், உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த இரண்டு மூன்று தேதிகளை முதலில் பாருங்கள். அவை சரியாக இல்லாவிட்டால் மற்றவற்றையும் நம்ப வேண்டாம்.