திரும்பப் பெற்றது யார்? அமெரிக்க வேதிப்பொருள் விதி வரைவு ஒன்றின் எழுவாய்ச் சிக்கல்

2013 செப்டம்பர் முதல் வாரத்தில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் இரண்டு விதி வரைவுகள், வெள்ளை மாளிகையின் பரிசீலனையில் இருந்தபடியே முடிவுக்கு வந்தன. ஒன்று, 'கவலைக்குரிய வேதிப்பொருள்கள்' பட்டியலைத் தொடங்க முன்மொழிந்தது; பிஸ்பினால்-ஏ, 8 தாலேட்டுகள், பிபிடிஇ எனப்படும் தீத்தடுப்புப் பொருள்கள் ஆகியவை அதில் இடம்பெற இருந்தன. மற்றொன்று, உடல்நலப் பாதுகாப்பு ஆய்வறிக்கைகளில் வேதிப்பொருளின் பெயரையே வணிக ரகசியம் என்று மறைக்கும் வழக்கத்தைக் கட்டுப்படுத்த வந்தது. முதல் வரைவு 2010 மே 12 அன்று பரிசீலனைக்குப் போனது. இரண்டாவது 2011 டிசம்பரில். இரண்டுமே மக்கள் கருத்துக் கேட்புக்குரிய முன்மொழிவாகக் கூட அரசிதழில் வரவில்லை. பரிசீலனைப் பதிவேட்டில் இரண்டுக்கும் எதிரே இருப்பது ஒரே சொல்: 'வித்ட்ரான்'. இக்கட்டுரை பெரும்பாலும் முதல் வரைவைப் பற்றியது. அந்த ஒரு சொல்லைப் பற்றியதும்கூட.

பின்னணியை நீட்டத் தேவையில்லை. 1976இன் நச்சுப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் ஏறத்தாழ 62,000 பொருள்களை ஆய்வின்றியே புழக்கத்தில் விட்டதும், 10 ஆண்டு உழைப்பில் 45,000 பக்க ஆவணங்களோடு முகமை 1989இல் கொண்டுவந்த ஆஸ்பெஸ்டாஸ் தடையின் பெரும்பகுதியை 1991இல் 5ஆவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியதும், அதன்பின் முகமை 6ஆம் பிரிவின் கீழ்த் தடை என்ற பேச்சையே எடுக்கத் தயங்கியதும் துறையினர் அறிந்தவை. 2009 செப்டம்பரில் முகமைத் தலைவர் லிசா ஜாக்சன் சட்டச் சீர்திருத்தக் கொள்கைகளை அறிவித்தபோது, சட்டம் மாறும்வரை காத்திராமல் கையில் இருக்கும் பிரிவுகளையே பயன்படுத்துவது என்ற முடிவும் சேர்ந்து வந்தது. அப்படித் தூசி தட்டி எடுக்கப்பட்டதுதான் 5ஆம் பிரிவின் (பி)(4) உட்பிரிவு. தகாத இடரை விளைவிக்கிற, அல்லது விளைவிக்கக்கூடிய பொருள்களை விதி மூலம் பட்டியலிடும் அதிகாரம் அது. 1976 முதல் அதுவரை ஒருமுறைகூடப் பயன்படுத்தப்படாதது.

பட்டியலில் பெயர் ஏறினால் அந்தப் பொருள் தடைப்படாது, உற்பத்தி நிற்காது. ஆனால் ஒரு விளைவு உண்டு. 5 அல்லது 6ஆம் பிரிவின் கீழ் ஒரு விதி முன்மொழியப்பட்டாலே போதும், 12ஆம் பிரிவின்படி அப்பொருளை ஏற்றுமதி செய்பவர் முகமைக்குத் தெரிவிக்க வேண்டும். முகமை இறக்குமதி செய்யும் நாட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். முன்மொழிவு வெறும் முன்மொழிவு அன்று என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இது கறுப்புப் பட்டியல், வாங்குவோர் விலகிப் போவார்கள் என்று வேதித்தொழில் தரப்பு எதிர்த்ததில் ஒரு நியாயம் இருக்கிறது: பெயர் சூட்டலே செயல் என்பதை அவர்கள் சரியாகவே புரிந்துகொண்டார்கள்.

இனி, நான் மறுக்க எடுத்துக்கொண்ட வாசிப்பு. பரிசீலனை நடத்திய அலுவலகம் ஓஐரா. தகவல், ஒழுங்குமுறை விவகார அலுவலகம் என்பதன் சுருக்கம். 1980இன் காகிதப்பணிக் குறைப்புச் சட்டத்தால் பிறந்தது. 1981இல் ரீகனின் ஆணையால் விதிகளை நிறுத்திப் பார்க்கும் அதிகாரம் பெற்றது. 2009 முதல் 2012 ஆகஸ்ட் வரை அதன் தலைவராக இருந்தவர் சட்டப் பேராசிரியர் கேஸ் சன்ஸ்டீன். பதவி விலகியபின் 2013இல் ஹார்வர்டு சட்ட ஆய்விதழில் ஓஐரா பற்றிய கட்டுக்கதைகளையும் உண்மைகளையும் பிரித்துக் காட்டுவதாக ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அவர் வாதம் சுருக்கமாக இது: ஓஐரா விதிகளைக் கொல்லும் இடம் அன்று, அரசின் பல துறைகளில் சிதறிக் கிடக்கும் அறிவைத் திரட்டும் இடம். ஒரு விதி தாமதமானால் பெரும்பாலும் அதற்குக் காரணம் பிற துறைகள் எழுப்பிய தீராத ஐயங்கள். செலவு-பயன் கணக்கு முக்கியம்தான், ஆனால் வெளியில் நினைப்பதுபோல அதுவே எல்லாம் அன்று. மக்கள் கருத்துக் கேட்புக்கு ஈடு வேறில்லை.

மிகத் தெளிவான கட்டுரை. உள்ளிருந்தவர் எழுதியது; குற்றச்சாட்டுகளுக்குக் கோபமின்றிப் பதில் சொல்வது. அதனால்தான் பின்வந்தோர் பலர் அதையே ஓஐராவின் இலக்கணம்போல் மேற்கோள் காட்டுகிறார்கள். இலக்கணத்துக்கு விதிவிலக்கு உண்டு என்று சொல்லி நகர்ந்துவிட இங்கே முடியாது. வேதிப்பொருள் பட்டியல் வரைவு ஓஐராவில் கிடந்த காலத்தில் சுமார் 27 மாதங்கள் சன்ஸ்டீனின் சொந்தப் பதவிக்காலத்தைச் சேர்ந்தவை.

அறிவைத் திரட்டுவது என்ற வாதத்தை அதன் சொல்படியே எடுத்துக்கொள்வோம். ஒரு முன்மொழிவு அரசிதழில் வெளிவருவது எதற்காக? தொழில்துறை, மருத்துவர், நச்சியலாளர், ஊர் மக்கள் என்று யார் வேண்டுமானாலும் தமக்குத் தெரிந்ததை எழுதி அனுப்புவதற்காக. நாடு தழுவிய அறிவுத்திரட்டு அதுதான். அதை ஈடற்றது என்று போற்றுபவரும் சன்ஸ்டீனே. அப்படியானால் இறுதி விதி அல்லாத, கருத்துக் கேட்பதற்காகவே எழுதப்பட்ட ஒரு முன்மொழிவை மூன்றாண்டுக்கு மேல் உள்ளே வைத்திருந்தது எந்த அறிவைத் திரட்ட? பத்துத் துறைகளின் அறிவுக்காக நாட்டின் அறிவைக் கதவுக்கு வெளியே நிறுத்தியதாகத்தான் கணக்கு முடிகிறது. அவருடைய இரண்டு கூற்றுகளும் இந்த ஒரு வரைவின் முன் ஒன்றையொன்று வெட்டுகின்றன.

பிற துறைகளின் ஐயம் என்ற காரணமும் இங்கே மெலிந்துதான் தெரிகிறது. பிஸ்பினால்-ஏ பற்றி முகமை 2010 மார்ச்சில் வெளியிட்ட செயல்திட்டத்தைப் படித்தால், பட்டியலிட அது கொண்ட அடிப்படை சுற்றுச்சூழல் பாதிப்பு, குறிப்பாக நீர்வாழ் உயிரினங்கள் மீதான பாதிப்பு. உணவுப் பாத்திரம், பால்புட்டி பற்றிய கேள்வியை உணவு மருந்து நிர்வாகத்துக்கு விட்டுவிட்டு, எல்லையை முகமை தானே சுருக்கிக்கொண்டிருந்தது. 2007இல் அமெரிக்க உற்பத்தி 240 கோடி பவுண்டு, ஆண்டுதோறும் சுற்றுச்சூழலில் கலப்பது 10 லட்சம் பவுண்டுக்கு மேல் என்ற கணக்கையும் அதே ஆவணம் தருகிறது. இவ்வளவு கவனமாக வேலி போட்டுக்கொண்ட வரைவின் மேல் வேறெந்தத் துறைக்கு மூன்றாண்டு தீராத ஐயம்? இவ்விடத்தில் என் குரல் சான்றின் அளவை மீறி உயர்கிறது என்பது எனக்கே தெரிகிறது. தாலேட்டுகளுக்கும் தீத்தடுப்புப் பொருள்களுக்கும் இந்த வாதம் இதே வலுவோடு பொருந்தாது. பாதுகாப்புத்துறையோ வணிகத்துறையோ அவை பற்றி எதுவும் சொல்லியிருக்கவே முடியாது என்று வாதிக்க நான் வரவில்லை. (பால்புட்டிகளில் பிஸ்பினால்-ஏ பயன்பாட்டுக்கான அனுமதியை உணவு மருந்து நிர்வாகம் 2012 ஜூலையில் நீக்கியது. கேட்டது வேதித்தொழில் சங்கமே. அந்தப் பயன்பாட்டைத் தொழில்துறை கைவிட்டுவிட்டது என்பது சொல்லப்பட்ட காரணம்.)

இனி ஓர் இடைச்சொல். கிளின்டன் 1993 செப்டம்பர் 30 அன்று பிறப்பித்த 12866ஆம் ஆணைதான் இன்றும் பரிசீலனைக்குக் கால எல்லை வகுப்பது. வழக்கமான கெடு 90 நாள். வரைவு சென்ற நாளிலிருந்து எண்ணினால் 2010 ஆகஸ்ட் 10. அதற்குமேல் நீட்டிக்க 6ஆம் பிரிவின் (பி)(2)(சி) இடம் தருகிறது. அங்கே எண்ணிட்ட இரண்டு தொடர்கள்: முதலாவது, வரவுசெலவுத் திட்ட அலுவலக இயக்குநரின் எழுத்துவழி ஒப்புதலோடு ஒரேமுறை, 30 நாளுக்கு மிகாமல், இரண்டாவது, முகமைத் தலைவரின் கோரிக்கையின் பேரில். இரண்டையும் இணைத்து நிற்கும் சொல் 'அண்ட்'.

நம் உரையாசிரியர்களிடம் கொடுத்தால் இந்தச் சொல்லுக்கே அரைப்பக்கம் உரை எழுதியிருப்பார்கள். இது எண்ணும்மையா? அப்படியானால் 'ஒப்புதலும் வேண்டும், கோரிக்கையும் வேண்டும்' என்று பொருள். மொத்தக் காலம் 120 நாளைத் தாண்டாது. 2010 செப்டம்பர் 9ஓடு கதை முடிய வேண்டும். அல்லது நீட்டிக்க இரண்டு தனி வழிகள் உள என்று எண்ணிச் சொல்வதா? அப்போது 'ஒரேமுறை', '30 நாள்' என்ற கட்டுகள் முதல் வழிக்கு மட்டும் உரியவை. இரண்டாம் வழிக்கு எல்லையே கிடையாது. ஓஐராவின் நடைமுறை இரண்டாம் பொருளையே கொண்டது. 'அண்ட்' அங்கே 'ஆர்' ஆகிவிட்டது.

முகமையில் 2009-10இல் கொள்கைப் பிரிவை நடத்திய லிசா ஹைன்சர்லிங் இந்த இடத்தை ஏற்கெனவே சுட்டியிருக்கிறார். கோரிக்கை முகமையிலிருந்து வருவதுபோல் தோன்றினாலும், கோரிக்கை வைக்கச் சொல்லும் அழைப்பு ஓஐராவிலிருந்தே வரும் என்பது அவர் சாட்சியம். அவரும் ஒரு கட்சிக்காரர்தான். சன்ஸ்டீனின் சொல்லைத் துருவிப் பார்ப்பதுபோல அவர் சொல்லையும் பார்க்க வேண்டும். ஆனாலும் எல்லையற்ற வழி ஒன்றைத் திறந்து வைத்துவிட்டு, பக்கத்திலேயே 30 நாள் வழிக்கு இயக்குநரின் எழுத்துவழி ஒப்புதல் என்ற பூட்டை எந்த வரைவாளர் போடுவார்? ரீகன், புஷ் காலத்து முடிவற்ற தாமதங்களுக்கு மறுமொழியாகப் பிறந்த ஆணை அது. எனவே 120 நாள் வாசிப்பே நோக்கத்தோடு ஒத்துப்போகிறது என்பது என் துணிபு. தொடர்களுக்கு இட்ட எண்கள் எதிர்த்தரப்புக்குச் சாதகமாக நிற்பதையும் மறைக்கவில்லை. எந்த வாசிப்பைக் கொண்டாலும், முதல் நான்கு மாதத்துக்குப் பின் வந்த ஒவ்வொரு நாளுக்கும் முகமைத் தலைவரின் விருப்பம் என்ற ஒரு புனைவாவது தேவைப்பட்டிருக்கிறது. வரைவு அங்கே கிடந்தது 1,200 நாளுக்கும் மேல்.

சராசரியோடு ஒப்பிட்டால் இதன் அளவு விளங்கும். கர்ட்டிஸ் கோப்லண்ட் நிர்வாக மாநாட்டு அமைப்புக்கு 2013இல் தந்த அறிக்கைப்படி, 1994 முதல் 2011 வரை ஒரு பரிசீலனை முடியச் சராசரியாக 50 நாள் ஆனது, 2012இல் 79, 2013இன் முதல் பாதியில் 140.

இப்போது 'வித்ட்ரான்' என்ற சொல்லுக்கு வருகிறேன். அது எழுவாய் இல்லாத எச்சம். தமிழில் பெயர்க்க முனைந்தபோதுதான் இதன் வழுக்கல் எனக்கே உறைத்தது. 'திரும்பப் பெற்றது' என்றால் முகமை பெற்றது என்றாகும். 'திரும்பப் பெறப்பட்டது' என்றால் செய்தவர் மறைவார். 'திரும்பப் பெற வைக்கப்பட்டது' என்பது மூன்றாவது. ஆங்கிலச் சொல் மூன்றுக்கும் இடம்கொடுத்து எதிலும் நிற்காமல் நிற்கிறது. இது மொழி விளையாட்டு அன்று; ஆணையிலேயே இதற்கு விளைவு உண்டு. ஓஐரா ஒரு வரைவைத் திருப்பி அனுப்பினால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்கிறது 6(பி)(3). 2011 செப்டம்பர் 2 அன்று ஓசோன் தரம் பற்றி சன்ஸ்டீன் ஜாக்சனுக்கு எழுதியது அத்தகைய கடிதம். அதனால்தான் அம்முடிவை இன்றும் விவாதிக்க முடிகிறது. முகமை தானே திரும்பப் பெற்றால் அப்படி ஒரு கடிதம் வேண்டியதில்லை. மறுப்புக்குச் சுவடு உண்டு. விலகலுக்குச் சுவடு இல்லை.

முகமை சொன்ன காரணம், வேறு வழிகளில் அதே நோக்கம் நிறைவேறுகிறது, வரைவுகள் இனித் தேவையில்லை என்பது. 2012 மார்ச்சில் 83 பொருள்களோடு வந்த பணித்திட்டமும், வேதிப்பொருள் தகவலைத் தேடிப் படிக்க அதே 2013 செப்டம்பரில் திறக்கப்பட்ட 'கெம்வியூ' தரவுத்தளமும் அந்த வேறு வழிகள். இரண்டும் பயனுள்ளவையே. எனினும் பணித்திட்டம் எந்தெந்தப் பொருளை மதிப்பிடப் போகிறோம் என்ற நிரல். இந்தப் பொருள் கவலைக்குரியது என்று சட்டப்படி அறிவிக்கும் விதி அன்று. 12ஆம் பிரிவின் ஏற்றுமதி அறிவிப்பு அதனால் எழாது.

முடிவு எடுக்கப்பட்ட நாளை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை. பதிவேடு தருவது முடிவு பதிவான நாளை. 2013 ஜூன் இறுதியில் ஓஐராவுக்கு ஹோவர்ட் ஷெலான்ஸ்கியும், ஜூலை 18இல் முகமைக்கு ஜினா மெக்கார்த்தியும் செனட் ஒப்புதல் பெற்றார்கள். தேங்கிய கோப்புகளைக் குறைப்பது முதன்மைப் பணி என்று ஷெலான்ஸ்கி ஒப்புதல் விசாரணையிலேயே சொன்னவர். ஒரு வரைவு வெளியிடப்பட்டாலும் திரும்பப் பெறப்பட்டாலும் நிலுவைக் கணக்கில் ஒன்று குறையும். இரண்டு புதிய தலைவர்கள், ஒரு பழைய சுமை, சில வாரங்களில் முடிவு. வாய்தா மேல் வாய்தா வாங்கிய வழக்கை 'வாபஸ்' என்று எழுதி முடிப்பது நம் நீதிமன்றங்களிலும் தெரிந்த முறைதான். இந்தப் பொருத்தத்தைக் காரணம் என்று நிறுவ என்னிடம் ஆவணம் இல்லை. சூழ்நிலைச் சான்றாக வைக்கிறேன். அதே ஆண்டு மே 22இல் செனட்டர்கள் லாட்டன்பெர்க்கும் விட்டரும் நச்சுப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டத்தைத் திருத்தக் கொண்டுவந்த இருகட்சி மசோதாவுக்கு இடைஞ்சல் வேண்டாம் என்ற எண்ணமும் இருந்திருக்கலாம். லாட்டன்பெர்க் ஜூன் 3 அன்று இறந்தார். அவர் பெயரில் சட்டம் திருத்தப்பட 2016 ஜூன் வரை ஆயிற்று.

ஆணையின் 6(பி)(4), ஒரு விதியை வெளியிடப் போவதில்லை என்று முகமை அறிவித்தபின், ஓஐராவும் முகமையும் பரிமாறிக்கொண்ட ஆவணங்கள் அனைத்தையும் மக்கள் பார்வைக்கு வைக்கச் சொல்கிறது. 2013 செப்டம்பரின் விலகல் அத்தகைய அறிவிப்பே என்பது என் வாசிப்பு. சன்ஸ்டீன் சொன்ன பிற துறைகளின் ஐயங்கள் உண்மையிலேயே இருந்திருந்தால், அவை இருக்க வேண்டிய இடம் அந்தத் தாள்கள்தான்.

1976இல் சட்டம் வந்த நாளிலிருந்து அந்தச் செப்டம்பர் வரை, 37 ஆண்டுகளில், 5(பி)(4) பட்டியலில் ஒரு பொருளின் பெயரும் ஏறியிருக்கவில்லை.