துளையில்லா வடிகட்டி
அத்தியாயம் 3: ஈரம் போனால்...

சென்ற வாரம் வேதியியலாளர் தாமஸ் கிரஹாமை லண்டனில், ரப்பர் பூசிய பட்டுத்துணியின் முன்னால் விட்டுவிட்டு வந்தோம்.

1866-இல் அவர் வெளியிட்ட அட்டவணையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ரப்பரை ஊடுருவும் வேகம் நைட்ரஜனுக்கு 1 என்றால், மீத்தேனுக்கு 2.15. கரியமில வாயுவுக்கோ 13.6! மீத்தேனைப் போல ஆறு மடங்குக்கும் மேல். ரப்பரில் துளை கிடையாது; வாயு அதில் கரைந்து, ஊர்ந்து, மறுபக்கம் வெளியேறுகிறது என்று காரணத்தையும் அவரே சொல்லிவிட்டார். பெரும்பாலும் மீத்தேனான இயற்கை எரிவாயுவிலிருந்து கரியமில வாயுவை நீக்கிச் சுத்தம் செய்யும் வழி, அதைக் கேட்க ஆளில்லாத காலத்திலேயே அச்சேறிவிட்டது. எனக்கு இது இன்றும் வியப்புதான்.

கேட்க ஆள் வந்தது 20-ஆம் நூற்றாண்டில். கரியமில வாயு எரியாது. ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாகி எஃகுக் குழாயை அரிக்கும். பொதுவாக 2 சதவீதத்துக்கு மேல் இருந்தால் குழாயில் ஏற்ற விடமாட்டார்கள். ஆனாலும் பொறியாளர்கள் ரப்பரைத் தேடிப் போகவில்லை. 1930-இல் ராபர்ட் பாட்டம்ஸ் காப்புரிமை பெற்ற, கரியமில வாயுவை உறிஞ்சும் அமீன் கரைசலை நம்பினார்கள். காரணம், கிழியாத அளவுக்குக் கனமாக இருந்தால் ரப்பர் படலத்தில் வாயு நகராது. நகரும் அளவுக்கு மெலிதாக்கினால் படலம் தாங்காது. கிரஹாமின் எண்கள் தூங்கின.

எழுப்பியவர்கள் வாயுவைப் பற்றி நினைக்கவே இல்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் சிட்னி லோபும் இந்தியாவில் பிறந்த ஸ்ரீநிவாச சௌரிராஜனும் கடல்நீரைக் குடிநீராக்கப் போராடிக்கொண்டிருந்தார்கள். கடையில் வாங்கிய செல்லுலோஸ் அசிடேட் படலம் ஒரு நாள் உப்பைத் தடுக்கும், மறுநாள் தடுக்காது. கடைசியில் பிடிபட்டது: அந்தப் படலத்துக்கு மேல், கீழ் உண்டு! ஒரு பக்கத்தை உப்புநீருக்குக் காட்டினால் வேலை செய்தது. புரட்டிப் போட்டால் செய்யவில்லை.

அந்த வித்தியாசத்தைத் தாங்களே உருவாக்கக் கற்றார்கள். செல்லுலோஸ் அசிடேட்டை அசிட்டோனில் கரைத்து, கண்ணாடியில் பரப்பி, பனிநீரில் அமிழ்த்தினார்கள். மேலே ஒரு மைக்ரானுக்கும் மெல்லிய இறுகிய தோல். கீழே அதைத் தாங்கும் நுரை போன்ற அடுக்கு. 1960 வாக்கில் மெலிவும் பலமும் ஒரே படலத்தில் கிடைத்தன. இதே செல்லுலோஸ் அசிடேட், கரியமில வாயுவை மீத்தேனைவிடப் பல மடங்கு வேகமாக விடும்.

அப்படியானால் எரிவாயுவைச் செலுத்த வேண்டியதுதானே? அதற்குப் படலம் காய்ந்திருக்க வேண்டும். காயவைத்தார்கள். நீர் ஆவியாகும்போது அதன் பரப்பு இழுவிசை நுண்ணறைகளின் சுவர்களை ஒன்றோடொன்று இழுத்து ஒட்டவைத்தது. நுரை அடுக்கு நசுங்கியது. பாடுபட்டுச் செய்த அமைப்பு கண்ணெதிரே பாழ்.

இதற்கிடையே, 1972-இல் டெக்சாஸின் சாக்ராக் எண்ணெய் வயலில், மிச்ச எண்ணெயை வெளியே தள்ளக் கரியமில வாயுவைப் பூமிக்குள் செலுத்தத் தொடங்கினார்கள். அது எண்ணெயோடும் எரிவாயுவோடும் கலந்து மேலே திரும்பி வர ஆரம்பித்தது. பிரித்தே தீர வேண்டும்.

நீரை ஆவியாக விடாமலே படலத்தைக் காயவைக்க முடியுமா? ஈரப் படலத்தை எடுத்து முதலில் ஆல்கஹாலில் முக்கினார்கள். பிறகு...

(அடுத்த வாரம்)