வங்கத்து ஆறுகளும் வெங்காயத்தாமரையும்

வங்கம் ஆறுகள் ஆக்கிய நாடு. கங்கையும் பிரமபுத்திராவும் மேகனாவும் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து படிவித்த வண்டலே அந்நாட்டின் நிலமாயிற்று. ஊருக்கு ஊர் செல்லும் வழியும் ஆறு. உழவனுக்கு உரம் தருவதும் ஆறு. மீனவனுக்குப் பிழைப்பும் ஆறே. அத்தகைய நாட்டில், மிதந்து வாழும் ஒரு சிறு செடி நீர்வழிகளை மூடிற்று. அதனை ஒழிக்க அறிஞர் குழு கூடிற்று; சட்டம் பிறந்தது; தேர்தல் மேடைகளில் வாக்குறுதியும் எழுந்தது. இத்தனைக்குப் பின்னரும் செடி ஒழியவில்லை. ஏன் ஒழியவில்லை என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருளாகும்.

அச்செடி தமிழகத்து ஏரி குளங்களிலும் காணப்படுவதே. இலைக்காம்பு வெங்காயம்போல் பருத்திருப்பதால் அதனை வெங்காயத்தாமரை என்கிறோம். ஆகாயத்தாமரை என்று அதனை அழைப்போரும் உளர். எனினும் அப்பெயர் வேறொரு மிதவைச் செடிக்கே உரியது. வங்காளிகள் இதற்குக் ‘கச்சுரிபானா’ என்று பெயரிட்டனர். இதன் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் பகுதி. இளம் ஊதா நிறப் பூங்கொத்தின் அழகில் மயங்கிய மக்கள், தோட்டத்துக் குளங்களுக்கு அணியாக இதனை நாடு விட்டு நாடு கொண்டு சென்றனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இது வங்கத்தை அடைந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில், பகைவரான ஜெர்மானியரே இதனைக் கொண்டுவந்து விட்டனர் என்ற பேச்சு ஊரெங்கும் பரவியது. ‘ஜெர்மன் பானா’ என்ற பெயரும் வழங்கலாயிற்று.

இதன் பெருக்கம் வியப்பூட்டுவது. தாய்ச்செடியின் அடியிலிருந்து கொடி ஓடும். கொடியின் நுனியில் கன்று பிறக்கும். கன்று பிரிந்து தானே தாயாகும். வெப்பமும் சத்தும் நிறைந்த தேங்குநீரில், இரு வாரங்களுக்குள் இரு மடங்காகப் பெருகவல்லது. விதைகளோ சேற்றில் விழுந்து பல ஆண்டுகள் உயிரோடு உறங்கும். இவ்வாறு பெருகிய செடிகள் ஒன்றோடொன்று பின்னிப் பாய்போல் நீரை மூடின. படகுகள் நகரவில்லை. வெள்ளக் காலத்தில் அப்பாய்கள் வயல்களுக்குள் மிதந்து வந்து, நீரோடு வளர்ந்து நின்ற நெற்பயிரை அமிழ்த்தின. கதிரொளியும் காற்றும் புகாத நீரில் மீன்வளம் குன்றியது. செடிகளின் இடையே நின்ற நீரில் கொசுக்கள் பெருகின.

சணல் வணிகத்தின் நடுவிடங்களுள் ஒன்றான நாராயண்கஞ்சின் வணிகர் சங்கம் 1914ஆம் ஆண்டில் இத்தொல்லையை அரசாங்கத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. அவ்வாண்டிலேயே போர் மூண்டது. ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்த பொட்டாஷ் உரம் நின்றுபோயிற்று. வெங்காயத்தாமரையின் சாம்பலில் பொட்டாஷ் மிகுந்திருப்பதை வேளாண்மைத் துறையினரான ஃபின்லோ, மக்லீன் ஆகிய இருவரும் 1917இல் வெளியிட்ட அறிக்கையில் விளக்கினர். ஜெர்மானியர் அனுப்பிய பகைச்செடி என்று மக்கள் பழித்த செடியே ஜெர்மனியின் உரத்துக்கு மாற்றாகக் கருதப்பட்டது. ஆயினும் அது பெருந்தொழிலாக நிலைபெறவில்லை. செடியின் எடையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் நீர். அதனை வாரி, உலர்த்தி, எரித்து, அள்ளிச் செல்லும் உழைப்பு மிகுதி. கிடைக்கும் சாம்பலோ கைப்பிடி அளவு.

1921ஆம் ஆண்டில், ஜகதீச சந்திர போஸின் தலைமையில் அரசாங்கம் ஒரு குழுவை அமைத்தது. செடிகளுக்கும் உணர்வு உண்டு என்பதை உலகுக்குக் காட்டிய அறிஞரிடமே, ஒரு செடியை அழிக்கும் வழியை ஆராயும் பொறுப்பு வந்து சேர்ந்தது. மருந்து தெளித்து அழிக்கும் முறையும் அக்காலத்தில் சோதிக்கப்பட்டது. மேலே இலை கருகினும் நீருக்குள் கிழங்கு பிழைத்திருப்பின் செடி மீண்டும் தழைத்துவிடும். அன்றியும், அந்நீரைத்தான் மக்களும் கால்நடைகளும் பருகவேண்டும். ஆகவே நஞ்சு எளிய விடையாக அமையவில்லை.

பின்னர் அரசாங்கம் சட்டத்தை நாடியது. வங்காள வெங்காயத்தாமரைச் சட்டம் 1936இல் பிறந்தது. செடியை வளர்ப்பதை அது தடுத்தது. தத்தம் நிலத்திலோ நீரிலோ காணப்படும் செடிகளை அழிக்கும் கடமையை, அவ்விடத்தை அனுபவிப்பவர்மேல் சுமத்தியது. 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் கட்சிகள் இக்களையை ஒழிப்பதாக மக்களுக்கு வாக்களித்தன. தேர்தலுக்குப்பின் பஸ்லுல் ஹக்கின் அமைச்சரவை இப்பணியில் முனைந்தது. 1939இல் ‘வெங்காயத்தாமரை வாரம்’ கொண்டாடப்பட்டது. மாணவரும் உழவரும் அதிகாரிகளும் நீரில் இறங்கிச் செடிகளை வாரிக் கரையில் குவித்தனர்.

அம்முயற்சியை நாம் எள்ளற்கில்லை. பல இடங்களில் நீர் தெளிந்தது. மக்கள் கூடிப் பணிசெய்யும் ஆற்றலும் வெளிப்பட்டது. ஆயினும் செடி திரும்பி வந்தது. காரணத்தை அச்சட்டத்தின் சொல்லிலேயே காணலாம். சட்டங்களை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குப் பெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட நாம், ‘அனுபவிப்பவர்’ என்ற சொல் வருமிடமெல்லாம் ‘எதனை?’ என்று கேட்டே மேற்செல்வோம். குளத்துக்கு அனுபவிப்பவர் உண்டு, வயலுக்கும் உண்டு. ஓடும் ஆற்றுக்கு அனுபவிப்பவர் யார்? ஒருவர் தம் துறையைத் துப்புரவு செய்த மறுவாரமே, மேலே நின்ற செடி மிதந்து கீழே வரும். மேலும், ஆறு ஓடாது தேங்கியது ஏன் என்று சட்டம் கேட்கவேயில்லை.

அவ்வினாவுக்கு விடை, வெங்காயத்தாமரை வருமுன்னரே தொடங்கிய ஒரு பழைய வரலாற்றில் உள்ளது. கங்கையிலிருந்து தெற்கே பிரியும் பாகீரதி, ஜலாங்கி, மாதாபாங்கா ஆகிய மூன்றையும் நதியா மாவட்டத்து ஆறுகள் என்பது வழக்கம். கங்கை தன் பெருக்கைக் கிழக்கே பத்மா என்னும் கிளையில் செலுத்தியதால், மேற்கே பிரியும் இவ்வாறுகளின் வாய் ஆண்டுதோறும் வண்டலால் அடைபட்டது. கோடையில் படகு செல்ல ஆழமில்லை. 19ஆம் நூற்றாண்டில், இவற்றைக் காப்பதற்கென்றே அரசாங்கம் அதிகாரிகளை அமர்த்தியது. அவர்கள் கையாண்ட முறை எளியது. மூங்கில் தட்டிகளை ஆற்றில் சாய்வாக நட்டு, சிதறி ஓடும் நீரை ஒரே பாதையில் திரட்டினர். திரண்ட நீர் விரைந்து ஓடித் தன் படுகையைத் தானே அறுத்துக்கொண்டது. ஆற்றின் வேகத்தைக்கொண்டே ஆற்றைத் தூர்வாரும் இம்முறை நாம் நினைவிற்கொள்ளத் தக்கது.

இந்நிலையில் இருப்புப்பாதைகள் வந்தன. கல்கத்தாவிலிருந்து குஷ்டியாவரை 1862இல் இரயில் ஓடத் தொடங்கியது. பாதைக்காக எழுப்பிய கரைகளும் பாலங்களும், நாடெங்கும் பரவிப் பாய்ந்த வெள்ளநீரின் போக்கைப் பல இடங்களில் தடுத்தன. வங்காளப் பொதுச் சுகாதாரத் துறையின் இயக்குநராயிருந்த பென்ட்லி, 1925இல் வெளியிட்ட நூலில், வெள்ளநீர் வரத்துக் குன்றிய இடங்களில் மலேரியா மிகுந்ததையும் விளைச்சல் குறைந்ததையும் இணைத்துக் காட்டினார். எகிப்தின் நீர்ப்பாசனத்தில் புகழ்பெற்ற பொறியியலாளர் வில்காக்ஸ், 1930இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவாற்றுகையில், வங்கத்தின் இறந்த ஆறுகளுட் பல முன்னோர் வெட்டிய பாசனக் கால்வாய்களே என்றார். அக்கருத்தை அரசாங்கப் பொறியியலாளர் ஏற்கவில்லை. எனினும் ஆறுகள் இறந்துகொண்டிருந்தன என்பதை எவரும் மறுக்கவில்லை.

இறக்கும் ஆறே வெங்காயத்தாமரைக்கு ஏற்ற வீடு. விரைந்த ஓட்டமும் கடலின் உப்பும் இச்செடிக்குப் பகை. தேங்கிய நன்னீரே நட்பு. தேங்கிய நீரில் செடி பாய்விரிக்கிறது. அதன் அடர்ந்த வேர்கள் நீரின் வேகத்தைத் தணித்து, மிதந்து வரும் வண்டலைப் பிடித்துக்கொள்கின்றன. மடிந்த செடிகள் அழுகி அடியில் படிகின்றன. படுகை உயர்கிறது, ஆழம் குறைகிறது, ஓட்டம் மேலும் தளர்கிறது, செடி மேலும் பெருகுகிறது. வண்டல் செடியை வளர்க்க, செடி வண்டலைச் சேர்க்கும் இச்சுழற்சியில், செடியை மட்டும் வாருவதும் சேற்றை மட்டும் வாருவதும் பாதி வேலையே. ஒரு ஹெக்டேர் நீர்ப்பரப்பில் நெருங்கி வளர்ந்த செடி 200 டன்னுக்கு மேலும் எடை நிற்கும். அதனை ஆண்டுதோறும் வாரிக்கொண்டேயிருப்பது எந்த ஊராட்சிக்கும் எளிதன்று.

இதற்கு இச்சாமதி ஆறு சான்றாகும். பத்மாவிலிருந்து பிரியும் மாதாபாங்கா, நதியா மாவட்டத்து மாஜ்தியாவில் சூர்ணி என்றும் இச்சாமதி என்றும் இரண்டாகிறது. மாதாபாங்கா என்னும் பெயருக்குத் ‘தலை உடைந்தது’ என்பது பொருள். இச்சாமதிக்கும் தலைதான் அடைபட்டது. அது பிரியுமிடத்தில் அதன் படுகை மாதாபாங்காவின் படுகையைவிட ஏறத்தாழ 14 அடி உயர்ந்துவிட்டது என்பர். அங்கே இரயில் பாலத்துக்காக எழுப்பிய தடுப்புச் சுவர்களும் வண்டல் தங்கக் காரணமாயின. கோடையில் மேலிருந்து நீர் வருவதில்லை. கீழே ஹாஸ்னாபாத் பக்கத்தில் கடலின் ஏற்றவற்றம் ஆற்றை உயிரோடு வைத்திருக்கிறது. மேலே போன்காவ் பக்கத்திலோ பல கல் தொலைவுக்குப் பச்சைப் பாயே ஆறாகக் காட்சியளித்திருக்கிறது. இவ்வாற்றின் கரையில் வாழ்ந்த விபூதிபூஷண் வந்தோபாத்யாய ‘இச்சாமதி’ என்ற பெயரிலேயே ஒரு நாவல் எழுதினார். அவர் மறைந்த 1950ஆம் ஆண்டில் அது நூலாக வெளிவந்தது. அந்நூலைப் பயின்றோர், ஓடங்கள் மிதந்த ஆற்றைத் தேடி இன்று சென்றால் திகைப்பர்.

கோடையில் நீர் அற்ற ஆறு, மழையில் நீரைக் கொள்ளவும் ஆற்றாது. 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் நதியாவையும் வடக்கு இருபத்துநான்கு பர்கனாவையும் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, உயர்ந்த படுகையில் நீர் வடிய வழியின்றி மக்கள் நெடுநாள் துன்புற்றனர். வலைவீசிப் பிழைத்த குடும்பங்கள் பிழைப்பிழந்து கூலிவேலை தேடிச் சென்றன. அதன் பின்னர் ஆற்றின் சில பகுதிகள் தூர்வாரப்பட்டன. ஆனால் இச்சாமதி இரு நாடுகளிடையே ஓடுவது. அதன் தாயாறு பிறப்பது வங்காள தேசத்தில். 1936ஆம் ஆண்டுச் சட்டம் கேளாமல் விட்ட ‘ஆற்றுக்கு உரியவர் யார்?’ என்ற வினாவுக்கு, இங்கே இரண்டு அரசாங்கங்கள் சேர்ந்து விடையளிக்க வேண்டியுள்ளது.

இடைக்காலத்தில் அறிவியலும் முன்னேறிற்று. இச்செடியை மட்டுமே தின்னும் கூன்வண்டுகள் 1982இல் இந்தியாவுக்குக் கொணரப்பட்டன. நன்கு சோதிக்கப்பட்டபின் நீர்நிலைகளில் விடப்பட்டன. பெங்களூரைச் சுற்றிய ஏரிகள் சிலவற்றிலும் மணிப்பூரின் லோக்தாக் ஏரியிலும் நற்பயன் தந்தன. வங்காள தேசத்தின் தென்பகுதி உழவரோ, செடியை அடுக்கி மிதக்கும் பாத்திகளாக்கி அதன்மேல் காய்கறி பயிரிடுகின்றனர். இம்முறையை ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2015இல் உலக வேளாண்மை மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. பகையையே பயனாக்கிய அவ்வுழவரின் மதிநுட்பம் போற்றத் தக்கது. ஆயினும் வண்டும் பாத்தியும் செடியின் அளவைக் குறைக்கும். அடைபட்ட ஆற்றைத் திறக்கமாட்டா.

ஆகவே வரலாறு நமக்குச் சொல்லும் வரிசை இது. முதலில் ஆற்றின் வாயைத் திறந்து நீரோட்டத்தை மீட்கவேண்டும். அடுத்து, வாரிய சேற்றை ஆற்றோரத்திலேயே குவிக்காமல் அப்புறப்படுத்தவேண்டும். அச்சேற்றில் உறங்கும் விதைகளும் அச்சேறும் அடுத்த மழையிலேயே ஆற்றுக்குத் திரும்பிவிடும். மூன்றாவதாக, செடிக்குத் தீனியாகும் நகரக் கழிவுநீரை ஆற்றில் விடாது தடுக்கவேண்டும். எஞ்சிய செடியைக் கையாலும் வண்டாலும் அடக்குவது அதன்பின் இயலும். வங்கத்தில் இவ்வரிசை தலைகீழாயிற்று. கண்ணுக்குத் தெரிந்த செடியோடு மக்கள் போரிட்டனர், கண்ணுக்குத் தெரியாத படுகை உயர்ந்துகொண்டே போயிற்று. நம் நாட்டின் எந்த ஊரிலாயினும் ஏரியையோ கால்வாயையோ துப்புரவு செய்யக் கூடுவோர், செடியில் கைவைக்குமுன் நீர் எங்கிருந்து வந்துகொண்டிருந்தது, எப்போது நின்றது என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டறிதல் நன்று.