தடுப்பூசியினால் நேரும் தோள் பாதிப்பும் அமெரிக்காவின் நட்டஈட்டுச் சட்டமும்

தடுப்பூசி தனிமனிதர் ஒருவரின் புயத்தில் ஏற்றப்படினும் அதன் பயன் அவருடன் நின்றுவிடுவதில்லை. ஊசி ஏற்றிக்கொண்டவர் நோயிலிருந்து தப்புவதுடன், அவரது வீட்டிலுள்ள முதியவரும் அயல்வீட்டுக் கைக்குழந்தையும் அந்நோய் தொற்றும் அபாயத்திலிருந்து ஓரளவேனும் காக்கப்படுகின்றனர். இக்காரணம் பற்றியே அரசுகள் தடுப்பூசியை ஊக்குவிக்கின்றன. சில இடங்களில் பாடசாலை அனுமதிக்கு அதனைக் கட்டாயமாக்கியும் உள்ளன. ஆயின், சமூகம் முழுவதும் நன்மை பெறும் இக்காரியத்தில் மிகச் சிலருக்குப் பாதிப்பு நேருமாயின், அதன் சுமையை அவர்கள் மட்டுமே சுமப்பது நியாயமா என்னும் கேள்வி எழுகின்றது.

இக்கேள்விக்குச் சட்டத்தின் மூலம் விடைகாண முற்பட்ட நாடுகளுள் ஐக்கிய அமெரிக்கா முக்கியமானது. அங்குள்ள ஏற்பாட்டின் இயல்பையும் குறைகளையும் விளங்கிக்கொள்வதற்குத் தோள் பாதிப்புத் தொடர்பான மனுக்கள் பொருத்தமான உதாரணமாகும். உயிராபத்து அற்றதாயினும் மாதக்கணக்கில் ஒருவரது அன்றாட வாழ்வை முடக்கிவிடக்கூடிய இப்பாதிப்பே, அண்மைய ஆண்டுகளில் அந்நாட்டின் தடுப்பூசி நட்டஈட்டு மனுக்களில் மிகப் பெரும் பங்கினை வகித்து வந்துள்ளது.

பாதிப்பு எத்தகையது?

ஊசி ஏற்றிய இடத்தில் ஓரிரு நாட்கள் நோவு இருப்பது இயல்பு. அது தானாகவே தணிந்துவிடும். நாம் இங்கு குறிப்பிடுவது அதுவன்று.

வளர்ந்தோருக்குப் பெரும்பாலான தடுப்பூசிகள் மேற்புயத்தின் வெளிப்புறத்தே தோளை மூடி நிற்கும் டெல்டொயிட் என்னும் தசையிலேயே ஏற்றப்படுகின்றன. தோளின் உச்சியில் தட்டுப்படும் எலும்பு நுனியிலிருந்து இரண்டு அல்லது மூன்று விரற்கடை கீழே, தசை திரண்டிருக்கும் நடுப்பகுதியே அதற்குரிய இடம். அதற்கு மேலே ஊசி குத்தப்பட்டாலோ, மெலிந்த உடலினருக்கு அளவுக்கு மிஞ்சிய நீளமுள்ள ஊசி பயன்படுத்தப்பட்டாலோ, மருந்து தசையில் தங்காமல் அதன் அடியிலுள்ள மெல்லிய திரவப் பையினுள் அல்லது மூட்டைச் சூழ்ந்த இழையங்களினுள் சென்றுவிடக்கூடும். உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுவதே தடுப்பூசியின் பணி. அத்தூண்டுதலால் தசையில் எழும் அழற்சி விரைவில் அடங்கிவிடுகின்றது. மூட்டின் அருகே எழும் அழற்சியோ எளிதில் அடங்குவதில்லை.

இதன் விளைவாகக் கையை உயர்த்தவும் தலைவாரவும் மேற்சட்டை அணியவும் இயலாத நிலை ஏற்படுகின்றது. அப்பக்கம் சரிந்து உறங்க முடிவதில்லை. சிலருக்குத் தோள்மூட்டு இறுகிப்போகின்றது. உடற்பயிற்சிச் சிகிச்சையாலும் அழற்சியைத் தணிக்கும் ஊசிகளாலும் பலர் தேறுகின்றனர். சிலருக்குச் சத்திரசிகிச்சை தேவைப்படுகின்றது. இது மருந்தின் தரக்குறைவினால் விளைவதன்று என்பதும், ஊசியைச் செலுத்தும் முறையில் கவனம் இருப்பின் பெரிதும் தவிர்க்கக்கூடியது என்பதும் கவனிக்கத்தக்கவை. ஊசி ஏற்றுபவர் நின்றுகொண்டும் பெறுபவர் அமர்ந்துகொண்டும் இருக்கும்போதும், கைப்பகுதியை மடித்து உயர்த்துவதற்குப் பதிலாகச் சட்டையின் கழுத்துப் பகுதியை இழுத்துத் தோளை மட்டும் வெளிக்காட்டும்போதும் ஊசி உரிய இடத்துக்கு மேலே சென்றுவிடும் வாய்ப்பு அதிகம்.

சட்டம் பிறந்த வரலாறு

1980களின் தொடக்கத்தில், தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்புவலி ஆகியவற்றுக்கு எதிரான முக்கூட்டுத் தடுப்பூசி குழந்தைகளின் மூளையைப் பாதிக்கின்றது என்னும் அச்சம் அமெரிக்காவில் பரவியது. 1982இல் ஒளிபரப்பான தொலைக்காட்சி விவரணம் ஒன்று அவ்வச்சத்தைப் பெருக்கியது. அத்தொடர்பைப் பின்னாளைய ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. எனினும், அதற்கிடையில் உற்பத்தி நிறுவனங்கள் மீது வழக்குகள் குவிந்தன. ஊசியின் விலை ஏறியது. நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விலகின. 1984ஆம் ஆண்டின் இறுதியில் முக்கூட்டுத் தடுப்பூசியைத் தயாரிக்கும் அமெரிக்க நிறுவனம் ஒன்றே எஞ்சியிருந்தது. இவ்வாறு போனால் நாட்டில் தடுப்பூசியே கிடைக்காமற் போகலாம் என்ற நிலையில், பிள்ளைகளின் பாதிப்புக்குப் பரிகாரம் வேண்டிய பெற்றோர், உற்பத்தியாளர், வைத்தியர் ஆகிய முத்தரப்பினரையும் கருத்திற்கொண்டு காங்கிரஸ் சட்டமொன்றை நிறைவேற்றியது. 1986 நவம்பரில் ஜனாதிபதி ரீகன் அதில் கையொப்பமிட்டார். 1988 ஒக்டோபர் 1ஆம் திகதி நட்டஈட்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

தவறு யாருடையது என்று கேளாத விசாரணை

சாதாரண வழக்கொன்றில் நட்டஈடு கோருபவர் எதிர்த்தரப்பின் கவனயீனத்தை நிரூபித்தாக வேண்டும். இத்திட்டத்தில் அதற்கு இடமில்லை. தவறு யாருடையது என்பது இங்கு கேள்வியன்று. பாதிப்புத் தடுப்பூசியினால் விளைந்ததா என்பதே கேள்வி. மனு, வோஷிங்டனிலுள்ள கோரிக்கைகளுக்கான சமஷ்டி நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்படுகின்றது. எதிர்மனுதாரர் மருந்து நிறுவனமும் அல்லர், ஊசி ஏற்றிய தாதியும் அல்லர். சுகாதாரத் துறைக்குப் பொறுப்பான செயலாளரே. அரசின் சார்பில் நீதித் திணைக்களம் ஆஜராகின்றது. ஜூரர் சபை கிடையாது. விசேட மாஸ்டர் எனப்படும் விசாரணை அதிகாரி ஒருவர் தீர்ப்பளிக்கின்றார். அவரது தீர்ப்பை மேல்முறையீடு செய்யவும் வழியுண்டு.

நட்டஈட்டுக்கான பணம் தடுப்பூசிகள் மீது அறவிடப்படும் வரியிலிருந்து திரட்டப்படுகின்றது. ஊசி தடுக்கும் நோய் ஒவ்வொன்றுக்கும் 75 சதம் வீதம் வரி விதிக்கப்படுகின்றது. இன்புளுவென்சாவுக்கான ஊசிக்கு 75 சதமும், சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகிய மூன்றையும் தடுக்கும் ஊசிக்கு 2 டொலர் 25 சதமும் நிதியத்தைச் சேர்கின்றன. ஊசி ஏற்றிக்கொண்டு நலமாக வீடு திரும்பும் ஒவ்வொருவரும், பாதிக்கப்பட்ட ஒருவருக்காகத் தம்மை அறியாமலே ஒரு சிறு பங்கைச் செலுத்துகின்றனர் என்பதே இதன் பொருள். திட்டம் தொடங்கிய காலம் முதல் 500 கோடி டொலருக்கும் மேற்பட்ட தொகை வழங்கப்பட்டுள்ளது.

சட்டத்தரணிக்கான கட்டணம் பற்றிய விதியும் சிறப்பானது. மனு நல்லெண்ணத்துடனும் நியாயமான அடிப்படையுடனும் தாக்கல் செய்யப்பட்டிருப்பின், அது தோல்வியடைந்தாலும் நியாயமான கட்டணத்தை நிதியமே செலுத்தலாம். மனுதாரருக்குக் கிடைத்த தொகையிலிருந்து சட்டத்தரணி பங்கு பெறுவதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. கையில் பணமில்லாதவரும் நீதிமன்றப் படியேற இதனால் வழி பிறக்கின்றது.

தோள் பாதிப்பு அட்டவணையில் சேர்ந்தமை

தொடக்கத்தில் இத்திட்டம் குழந்தைகளை மனத்திற்கொண்டே வகுக்கப்பட்டது. 2005இல் இன்புளுவென்சாத் தடுப்பூசி இதனுள் சேர்க்கப்பட்டதுடன் வளர்ந்தோரின் மனுக்கள் பெருகத் தொடங்கின. ஊசி ஏற்றிய பின் தோள் முடங்கியது என்று ஒரே தன்மையான முறைப்பாடுகள் வந்தன. அவற்றைப் பரிசீலித்த திட்டத்தின் வைத்தியர்களே, 13 பேரின் நிலையை ஆராய்ந்து 2010இல் மருத்துவக் கட்டுரையொன்றை வெளியிட்டனர். ஊசி அளவுக்கு மிஞ்சி மேலே ஏற்றப்பட்டதாகப் பலர் கூறியிருந்தமையும், ஓரிரு நாட்களுக்குள்ளேயே வலி தொடங்கியிருந்தமையும் அதில் எடுத்துக்காட்டப்பட்டன. நட்டஈடு வழங்குவதற்காக அமைந்த ஏற்பாடு, மருத்துவ உலகம் போதிய கவனம் செலுத்தாதிருந்த ஒரு குறையைக் கண்டறியும் கருவியாகவும் அமைந்தது. ஊசி உட்செலுத்தப்படுவதற்கும் டெல்டொயிட் தசையின் கீழுள்ள திரவப் பையின் அழற்சிக்கும் காரண காரியத் தொடர்பு உண்டு என்பதை அமெரிக்க மருத்துவ நிறுவகத்தின் குழுவும் பின்னர் ஏற்றுக்கொண்டது.

2017 மார்ச் 21ஆம் திகதி முதல் தோள் பாதிப்பு, சட்டத்தின் பாதிப்பு அட்டவணையில் இடம்பெற்றது. அட்டவணையில் உள்ள பாதிப்பாயின் அது தடுப்பூசியினாலேயே விளைந்தது என்று சட்டம் அனுமானிக்கின்றது. அன்று என்று காட்டும் பொறுப்பு அரசைச் சார்கின்றது. இதற்கு நான்கு நிபந்தனைகள் உள்ளன. முன்னர் அத்தோளில் வலியோ குறைபாடோ இருந்திருத்தல் ஆகாது. ஊசி ஏற்றிய 48 மணித்தியாலத்துக்குள் வலி தொடங்கியிருத்தல் வேண்டும். வலியும் அசைவுக் குறைவும் ஊசி ஏற்றப்பட்ட தோளுடன் நின்றிருத்தல் வேண்டும். அந்நிலையை விளக்கக்கூடிய வேறு நோய் இருத்தல் ஆகாது. இவற்றுடன், பாதிப்பின் விளைவுகள் ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்திருத்தல் வேண்டும், அல்லது வைத்தியசாலையில் தங்கிச் சத்திரசிகிச்சை பெற்றிருத்தல் வேண்டும். முதல் அறிகுறி தோன்றிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் மனுத் தாக்கல் செய்யப்படுதல் வேண்டும்.

நடைமுறையில் இம்மனுக்களின் வெற்றி தோல்வி ஆவணங்களிலேயே தங்கியுள்ளது. எந்தக் கையில் ஊசி ஏற்றப்பட்டது என்பது பதிவேட்டில் தவறாக எழுதப்பட்டிருக்கலாம். வலி தானாக மாறிவிடும் என்றெண்ணி வைத்தியரை நாடாது பல வாரங்கள் பொறுத்திருந்தவருக்கு, அது முதல் இரு நாட்களுக்குள் தொடங்கியது என்று காட்டுவது சிரமமாகின்றது. பொறுமைசாலியே பாதிக்கப்படும் விசித்திரத்தை இங்கு காண்கின்றோம்.

நீக்கமும் மீட்பும்

2020 ஜூலையில் அமெரிக்கச் சுகாதாரத் திணைக்களம் தோள் பாதிப்பை அட்டவணையிலிருந்து நீக்க முன்மொழிந்தது. இது தடுப்பூசி மருந்தினால் விளைவதன்று, ஊசி செலுத்துபவரின் தவறான முறையினால் விளைவது. ஆகவே தடுப்பூசிக்கென அமைந்த நிதியம் இதனைச் சுமக்க வேண்டியதில்லை என்பதே அதன் வாதம். திட்டத்துக்கான ஆலோசனை ஆணைக்குழு இதனை எதிர்த்தது. ஆயினும் நீக்கும் விதி 2021 ஜனவரி 21ஆம் திகதி பிரசுரிக்கப்பட்டது. புதிய நிர்வாகம் அது நடைமுறைக்கு வருவதை ஒத்திவைத்து, 2021 ஏப்ரலில் அதனை முற்றாக இரத்துச் செய்தது.

தர்க்கத்தில் நேர்மையானது போலத் தோன்றும் அவ்வாதம் எங்கு கொண்டு செல்லும் என்பதைச் சிந்தித்தல் வேண்டும். தவறு ஊசி ஏற்றியவருடையது என்றால், பாதிக்கப்பட்டவர் தாதியையும் மருந்தாளரையும் தனித்தனியே நீதிமன்றுக்கு இழுக்க வேண்டியிருக்கும். கவனயீனத்தை நிரூபிக்கும் சுமை மீண்டும் அவர் தலையிலேயே விழும். கொள்ளைநோய் நடுவே இலட்சக்கணக்கானோருக்கு ஊசி ஏற்ற முன்வந்தவர்களோ வழக்குக்கு அஞ்சி ஒதுங்க நேரிடும். தவறைத் தேடாத சட்டம் என்பதன் உயிர்நாடியே அங்கு அறுந்துவிடும். ஊசியின்றித் தடுப்பூசி உடலுக்குள் செல்வதில்லை. ஆகவே மருந்து வேறு, ஊசி வேறு எனப் பிரிப்பது பாதிக்கப்பட்டவரின் பார்வையில் பொருளற்றது.

எஞ்சியுள்ள குறைகள்

இத்திட்டம் குறைகளற்றது என நாம் கூறவில்லை. வலி, வேதனைக்கான நட்டஈட்டின் உச்சவரம்பு 2 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் என 1986இல் விதிக்கப்பட்டது. விலைவாசிக்கேற்ப அது உயரும் ஏற்பாடு சட்டத்தில் இடம்பெறவில்லை. விசேட மாஸ்டர்களின் எண்ணிக்கை எட்டுக்கு மேற்படலாகாது என்பதும் அக்காலத்து விதியே. மனுக்களோ பன்மடங்கு பெருகியுள்ளன. விரைவான நீதி என்ற வாக்குறுதி பல சந்தர்ப்பங்களில் ஆண்டுக்கணக்கான காத்திருப்பாக முடிகின்றது.

இதனினும் பெரிய முரண்பாடு கொவிட் தடுப்பூசிகளுடன் தோன்றியது. அவை இத்திட்டத்தினுள் அன்றி, 2005ஆம் ஆண்டின் அவசரகாலச் சட்டத்தின் கீழ் அமைந்த வேறொரு திட்டத்தினுள் வைக்கப்பட்டன. அதில் நீதிமன்ற விசாரணை இல்லை. வலிக்கான நட்டஈடு இல்லை. சட்டத்தரணிக் கட்டணம் இல்லை. விண்ணப்பிக்க ஓராண்டே அவகாசம். ஒரே மருந்தகத்தில் ஒரே நாளில் இருவர் ஊசி ஏற்றிக்கொண்டு, இருவருக்கும் தோள் முடங்கியிருப்பின், இன்புளுவென்சா ஊசி பெற்றவருக்கு நீதிமன்றக் கதவு திறந்திருந்தது. கொவிட் ஊசி பெற்றவருக்கு அது மூடப்பட்டிருந்தது.

எமது வாசகர்களின் உறவினர் பலர் வாழும் பிரித்தானியாவிலும் கனடாவிலும் நிலை வேறு. பிரித்தானியாவின் 1979ஆம் ஆண்டுச் சட்டம் ஒரே தொகையாக 1 இலட்சத்து 20 ஆயிரம் பவுண் வழங்குகின்றது. ஆயின் 60 சதவீத அங்கவீனம் நிரூபிக்கப்படுதல் வேண்டும். 2021இல் தொடங்கிய கனடாவின் தேசியத் திட்டமும் கடுமையான, நிரந்தரமான பாதிப்பையே கருத்திற்கொள்வது. ஓராண்டு வேதனைப்பட்டுப் பின் தேறிய தோளுக்கு இவ்விரு நாடுகளின் திட்டங்களிலும் இடம் கிடைப்பது அரிது.

உண்மையை ஒப்புவது நம்பிக்கையைக் குலைக்காது

நட்டஈடு வழங்குவது தடுப்பூசி ஆபத்தானது என்று ஒப்புக்கொள்வதாகிவிடும் எனச் சிலர் அஞ்சுவர். கணக்கோ வேறு விதமாகப் பேசுகின்றது. அமெரிக்காவில் விநியோகிக்கப்பட்ட தடுப்பூசிகளை எடுத்து நோக்கின், ஏறத்தாழப் பத்து இலட்சம் ஊசிகளுக்கு ஒருவர் வீதமே நட்டஈடு பெற்றுள்ளார். அந்த ஒருவரைப் பொய்யர் என்று ஒதுக்கினால் அவர் வாய்மொழி வதந்தியாகி ஊரெங்கும் பரவும். அவரது வலியை ஏற்றுப் பரிகாரம் செய்தால் ஏனையோரின் ஐயமும் தணியும்.

தடுப்பூசித் திட்டங்கள் மக்களின் நம்பிக்கையிலேயே தங்கியுள்ளன. அந்நம்பிக்கையைக் கோரும் அரசு, அதற்கு ஈடாகக் கடமையொன்றையும் ஏற்றாக வேண்டும். பொதுநலனுக்காகத் தமது தோளைக் காட்டியவர் அத்தோள் முடங்கித் திரும்புவாராயின், அவருக்குரியதைப் பொது நிதியிலிருந்து வழங்குவது தயவன்று, கடன். ஊசி ஏற்றும் ஒவ்வொருவருக்கும் உரிய இடத்தையும் உரிய முறையையும் கற்பித்து, அக்கடன் பெருகாமற் பார்த்துக்கொள்வது அதனினும் முந்திய கடமையாகும்.